ஹல்ட்ரெஸ்: டேனிஷ் மொழியில் ஐம்பதின் வரலாறு

ஹல்ட்ரெஸ் என்பது டேனிஷ் மொழியில் ஐம்பதைக் குறிக்கும் எண்ணுப்பெயர். 'ஹல்ட்ரெசின்ஸ்ட்யூவெ' என்ற நெடிய சொல்லின் மரூஉ. அந்த நெடுஞ்சொல்லைப் பிரித்தால் 'இரண்டரை தடவை இருபது' என்ற பெருக்கல் கணக்கு கிடைக்கும். ஸ்வீடிஷ், நார்வேஜியன், ஐஸ்லாந்திக் ஆகிய உறவு மொழிகள் ஐம்பதை 'ஐந்து பத்து' என்றே சொல்கின்றன. டேனிஷ் மட்டும் ஐம்பது முதல் தொண்ணூறு வரையிலான ஐந்து பத்துகளுக்கும் இருபதை அடியாகக் கொண்ட பெயர்களை வைத்திருக்கிறது. டேனிஷ் செல்வாக்குக்கு உட்பட்ட ஃபரோயீஸ் மொழியிலும் அவை வழங்குகின்றன.

இன்று டேனிஷ் பேசுவோர் இச்சொல்லைச் சொல்லும்போது எதையும் பெருக்குவதில்லை. அவர்களுக்கு அது ஐம்பதின் பெயர், அவ்வளவுதான். பெயருக்குள் இருந்த கணக்கு எப்போது, எப்படி மறைந்தது என்பதே இச்சொல்லின் வரலாறு.

சொல்லின் உறுப்புகள்

நெடிய வடிவத்தில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது 'ஹல்ட்ரெத்யெ', அதாவது 'பாதி மூன்றாவது'. இரண்டாவது 'சின்னெ', தடவை, முறை என்று பொருள். மூன்றாவது 'ட்யூவெ', இருபது. 'பாதி மூன்றாவது தடவை இருபது' என்பது நேர்ப்பொருள்.

நடுவில் நிற்கும் 'சின்னெ' மிகப் பழைய ஜெர்மானியச் சொல். கோதிக் மொழியிலும் பழைய ஆங்கிலத்திலும் அதன் உறவுச் சொற்கள் பயணம், வழி, தடவை என்ற பொருள்களில் வழங்கின. ஒருவர் ஒரு வழியில் எத்தனை முறை போனார் என்ற எண்ணத்திலிருந்து 'இத்தனை தடவை' என்ற பொருள் கிளைத்தது. தற்கால டேனிஷில் 'சின்னெ' தனித்து வழங்குவதில்லை. 'எப்போதேனும்' என்று பொருள்படும் 'நோன்சின்னெ' போன்ற ஓரிரு கூட்டுச்சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தடவை என்பதற்கு இன்றைய பேச்சில் 'கங்' என்ற வேறு சொல் வந்துவிட்டது. கணக்கின் நடுச்சொல்லே வழக்கிலிருந்து போனபின் முழுக்கணக்கும் விளங்காமற் போனதில் வியப்பில்லை.

'பாதி மூன்றாவது' என்றால் இரண்டரை

தமிழில் இரண்டோடு அரையைக் கூட்டி இரண்டரை என்கிறோம். பழைய டேனிஷ் மூன்றிலிருந்து பின்னோக்கிப் பார்த்தது. முதலாவது முழுமை, இரண்டாவது முழுமை, மூன்றாவதில் பாதி. ஆகவே 'பாதி மூன்றாவது'. இதே முறையில் மூன்றரை 'பாதி நான்காவது', நாலரை 'பாதி ஐந்தாவது'.

இது டேனிஷுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. ஒன்றரையை ஜெர்மன் மொழியும் ரஷ்ய மொழியும் இன்றும் 'பாதி இரண்டாவது' என்ற வகையிலேயே அமைக்கின்றன. பண்டைய ரோமில் வழங்கிய செஸ்டெர்டியஸ் என்ற நாணயத்தின் பெயருக்கும் 'பாதி மூன்றாவது' என்பதே பொருள். முதலில் அது 'ஆஸ்' என்ற ரோமானிய நாணயம் இரண்டரையின் மதிப்புடையதாக இருந்தது. பழைய நார்ஸ் மொழியில் இருபத்தைந்து வயதுள்ளவரை 'பாதி முப்பதர்' என்று சொல்லும் வழக்கு இருந்தது. முப்பதில் பாதி என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மூன்றாவது பத்தில் பாதியைக் கடந்தவர் என்பதே பொருள்.

இந்த வரிசையில் டேனிஷில் இன்றும் உயிரோடிருப்பது ஒரே ஒரு சொல்: 'ஹலானென்', அதாவது ஒன்றரை. 'பாதி இரண்டாவது' என்பதுதான் அதன் அமைப்பு. இரண்டரை, மூன்றரை, நாலரை ஆகியவற்றுக்கான பழைய சொற்கள் வழக்கொழிந்தன. அவை எஞ்சியிருப்பது ஐம்பது, எழுபது, தொண்ணூறு ஆகிய எண்ணுப்பெயர்களின் வயிற்றுக்குள் மட்டுமே. மணி சொல்வதில் மட்டும் அந்தப் பார்வை தொடர்கிறது. பிற்பகல் இரண்டரை மணியை டேனிஷ்காரர் 'ஹல் ட்ரெ' என்பார். மூன்றாவது மணியின் பாதி.

ஐந்து பத்துகளின் முழு வரிசை

ஐம்பது முதல் தொண்ணூறு வரை ஒரே அச்சில் வார்த்தவை. ஐம்பது, 'ஹல்ட்ரெஸ்': இரண்டரை இருபது. அறுபது, 'ட்ரெஸ்': மூன்று இருபது. எழுபது, 'ஹல்ஃபியெர்ஸ்': மூன்றரை இருபது. எண்பது, 'ஃபீர்ஸ்': நான்கு இருபது. தொண்ணூறு, 'ஹல்ஃபெம்ஸ்': நாலரை இருபது. நூறு வந்ததும் 'ஹுன்ட்ரெத்' என்ற பொது ஜெர்மானியச் சொல் மீண்டும் வந்துவிடுகிறது.

ஐம்பதையும் அறுபதையும் எழுத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நுட்பம் தெரியும். ஐம்பதின் எழுத்துக்கூட்டலில் இறுதி 'ஸ்' ஒலிக்கு முன்னே 'ட்' எழுத்து ஒன்று நிற்கிறது. அறுபதில் அது இல்லை. ஐம்பது 'மூன்றாவது' என்ற வரிசையெண்ணிலிருந்தும், அறுபது 'மூன்று' என்ற எண்ணிலிருந்தும் பிறந்ததற்கு அந்த ஓர் எழுத்தே தடயம். எழுபதில் 'நான்காவது' என்பதிலிருந்து வந்த அதே எழுத்து இருக்கிறது. 'நான்கு' என்பதிலிருந்து வந்த எண்பதில் இல்லை. பேச்சில் இந்த எழுத்து ஒலிப்பதில்லை. 'பாதி' என்ற முதலுறுப்பின் இறுதியில் எழுதப்படும் 'வ்' ஒலியும் அப்படித்தான். எனவே காதுக்கு ஐம்பதையும் அறுபதையும் பிரித்துக் காட்டுவது முன்னால் வரும் 'ஹல்' என்ற ஓரசை மட்டுமே.

இதோடு ஒன்றாம் இட எண்ணை முன்னே சொல்லும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஐம்பத்து மூன்றை 'மூன்றும் ஐம்பதும்' என்றும், அறுபத்து மூன்றை 'மூன்றும் அறுபதும்' என்றும் சொல்வர். டென்மார்க்கின் தொலைபேசி எண்கள் எட்டு இலக்கம் கொண்டவை. பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்த்தே சொல்லப்படுகின்றன. மொழியைப் புதிதாகக் கற்பவர் 'ட்ரெ ஓ' என்று கேட்டதும் முதல் இலக்கம் மூன்று என்று எழுதிவிடுகிறார். அதன்பின் 'ஹல்ட்ரெஸ்' வருகிறது. எழுதியதை அடித்து 53 என்று திருத்த வேண்டியிருக்கிறது. ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருவோர் மற்ற டேனிஷ் சொற்களில் பெரும்பாலானவற்றை ஊகித்துக்கொண்டாலும் எண்களில் தடுக்கி நிற்பது இதனால்தான்.

நாற்பதில் ஒரு பொய்த்தோற்றம்

இருபது, முப்பது, நாற்பது ஆகியவை இந்த வரிசையில் சேராதவை. 'ட்யூவெ' என்ற இருபது பழைய வடிவில் 'இரு பத்து'. 'ட்ரெத்வெ' என்ற முப்பது 'முப்பத்து'. நாற்பதின் நெடிய வடிவம் 'ஃபெர்ரெட்யூவெ'. இதைக் கேட்டவுடன் 'நான்கு இருபது' என்று பொருள்கொண்டால் எண்பது வந்துவிடும். ஆனால் இச்சொல்லின் பின்பாதியான 'ட்யூவெ' இருபது அல்ல; 'பத்துகள்' என்று பொருள்பட்ட வேறொரு பழஞ்சொல் தேய்ந்து இருபதின் ஒலியோடு ஒன்றாகிவிட்டது. எனவே நாற்பதில் வரும் 'ட்யூவெ'க்குப் பத்து என்றும், அறுபதின் நெடிய வடிவில் வரும் 'ட்யூவெ'க்கு இருபது என்றும் பொருள். ஒரே ஒலி, இரு வேர்கள்.

நாற்பதின் பத்தடிப் பெயர் எவ்வளவு வேரூன்றியது என்பதற்கு மத்தியகாலச் சட்டங்கள் சான்று. இரண்டாம் வால்டெமார் மன்னர் 1241இல் பிறப்பித்த ஜட்லாந்துச் சட்டம் உள்ளிட்ட டென்மார்க்கின் வட்டாரச் சட்டங்களில் நாற்பது மார்க் என்பது பெருங்குற்றங்களுக்கான வழக்கமான தண்டத்தொகை. மன்றங்களில் நாள்தோறும் புழங்கிய அந்தப் பெயரை இருபதின் கணக்கு அசைக்கவில்லை.

இருபதின் கணக்கு எங்கிருந்து வந்தது

பழைய டேனிஷிலும் முதலில் ஐம்பது 'ஐந்து பத்து'தான். அறுபது முதல் தொண்ணூறு வரையிலும் அப்படியே. இன்றைய ஸ்வீடிஷ் வடிவங்களுக்கு நெருக்கமான பெயர்கள் அப்போது டென்மார்க்கில் வழங்கின. மத்தியகாலத்தின் பிற்பகுதியில் இருபதின் அடியிலான பெயர்கள் தலைகாட்டி, படிப்படியாகப் பத்தின் அடியிலான பெயர்களை ஓரங்கட்டின. ஆகவே இருபதின் கணக்கு ஆதிகால எச்சம் அல்ல. இடையில் வந்து சேர்ந்த புதுமை.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் முதற்காரணம் சந்தை. டேனிஷில் இருபது உருப்படி கொண்ட தொகுதிக்கு 'ஸ்நேஸ்' என்று பெயர். முட்டை முதலியவற்றை அதில் எண்ணினர். மூன்று ஸ்நேஸ் சேர்ந்தால் அறுபது, அது ஒரு 'ஸ்கொக்'. நான்கு ஸ்நேஸ் சேர்ந்தால் எண்பது, அது ஒரு 'ஓல்'. ஹெர்ரிங் மீனை எண்ணும் அலகு. மத்தியகாலத்தில் ஓரசுண்ட் நீரிணையை ஒட்டிய ஸ்கானியா கரையில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் பெரும் ஹெர்ரிங் சந்தை கூடியது. லூபெக் முதலிய, ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த நகரங்களின் வணிகர்கள் உப்பும் பீப்பாயுமாக அங்கே வந்து குவிந்தனர். கையால் எண்ணிப் போடும் சரக்குக்குச் சிறு கட்டுகளே வசதி. மீனை இருபது இருபதாக ஒதுக்கி, மூன்று கட்டு, நான்கு கட்டு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு 'மூன்று தடவை இருபது' இயல்பாகவே வாயில் வரும். இரண்டு கட்டும் மூன்றாவதில் பாதியும் இருந்தால் ஐம்பது. பாதிக் கட்டும் விற்பனைக்கு உரிய அளவு என்பதால் 'பாதி மூன்றாவது' இங்கே பொருந்தி வருகிறது.

இரண்டாவது கருத்து அயல்மொழிச் செல்வாக்கு. பிரெஞ்சு மொழியில் எண்பது 'நான்கு இருபது'. பாரிஸில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காக நிறுவிய விடுதிக்குப் 'பதினைந்து இருபது' என்றே பெயர். கெல்ட் மொழிகளிலும் பாஸ்க் மொழியிலும் இருபதின் கணக்கு உண்டு. அங்கிருந்து டேனிஷுக்கு வந்திருக்கலாம் என்று சிலர் கருதினர்.

இக்கருத்தைச் சோதிக்க ஐம்பதே நல்ல உரைகல். வெல்ஷும் பிரெட்டனும் ஐம்பதை 'பாதி நூறு' என்கின்றன. பாஸ்க், ஜார்ஜியன் ஆகிய மொழிகள் 'இரண்டு இருபதும் பத்தும்' என்கின்றன. பிரெஞ்சு ஐம்பதைப் பத்தின் அடியிலேயே வைத்துக்கொண்டது; எழுபதை 'அறுபதும் பத்தும்' என்கிறது. இருபதைப் பாதியாக்கி 'இரண்டரை இருபது' என்று சொல்லும் முறை இவற்றில் எதிலும் இல்லை. எனவே இருபதின் எண்ணம் வெளியிலிருந்து வந்திருந்தாலும், ஐம்பதின் பெயரைக் கட்டிய மரம் உள்ளூர் மரம்: ஒன்று வடக்கு ஜெர்மானியரின் 'பாதி மூன்றாவது' வழக்கு, மற்றொன்று சந்தையின் இருபது கட்டு. இரண்டும் டென்மார்க்கில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

சொல் குறுகிய விதம்

நெடிய வடிவத்தில் ஐந்து அசைகள். ஒன்றாம் இட எண்ணும் சேர்ந்தால் இன்னும் நீளும். பேச்சில் அது தேய்ந்து இரண்டசையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுத்தில் நெடிய வடிவம் சாதாரணமாகக் காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் குறுகிய வடிவமே பொது வழக்காகி, நெடிய வடிவம் பழமை வாடை வீசுவதாயிற்று.

வெட்டு விழுந்த இடம் கவனிக்கத்தக்கது. 'ஹல்ட்ரெ', 'சின்ஸ்', 'ட்யூவெ' என்ற மூன்று உறுப்புகளில் முதலாவதன் முடிவில் வெட்டு விழவில்லை. இரண்டாவதன் முதல் ஒலியான 'ஸ்' வரை உள்ளே எடுத்துக்கொண்டு, அதன்பின் வெட்டு விழுந்தது. 'ட்ரெஸ்' என்ற அறுபதின் இறுதியில் கேட்கும் 'ஸ்', தடவை என்ற சொல்லின் தலையெழுத்து. பெருக்கப்படும் எண்ணான இருபது அடியோடு போயிற்று. எஞ்சியதை நேராகப் பெயர்த்தால் 'பாதி மூன்றாவது த...' என்று நின்றுவிடும். பொருளறிந்து குறுக்கியவர்கள் இப்படி வெட்டியிருக்க மாட்டார்கள். சொல் குறுகிய காலத்திலேயே அதன் உள்ளமைப்பு பேசுவோர் மனத்திலிருந்து நழுவத் தொடங்கிவிட்டது என்பதற்கு இந்த 'ஸ்' ஒன்றே போதிய சான்று.

குறுகிய வடிவம் தானே வேராகிப் புதுச் சொற்களையும் ஈன்றது. ஐம்பது குரோன் தாள் 'ஹல்ட்ரெஸர்'. 1950களும் ஒருவரின் ஐம்பதுகளும் 'ஹல்ட்ரெஸர்னெ'. அறுபதுகளுக்கும் எண்பதுகளுக்கும் இதே போல.

வரிசையெண்ணில் தங்கிய பழமை

பழைய அமைப்பு ஓரிடத்தில் மட்டும் விடாப்பிடியாக நிற்கிறது. 'ஐம்பதாவது' என்று சொல்லக் குறுகிய வடிவத்தோடு விகுதி சேராது. 'ஹல்ட்ரெசின்ஸ்ட்யூவெனெ' என்று முழுச் சொல்லையும் விரித்தே ஆகவேண்டும். அறுபதாவது, எழுபதாவது, எண்பதாவது, தொண்ணூறாவது எல்லாம் அப்படியே. நாற்பதாவதும் 'ஃபெர்ரெட்யூவெனெ' என்று நெடிய வடிவிலேயே வரும். எண்ணும்போது இரண்டசையில் முடிவது வரிசை சொல்லும்போது ஆறசையாக நீள்கிறது. எழுத்தில் இந்தத் தொல்லை இல்லை. டேனிஷ் வழக்கப்படி எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வைத்து 50. என்று எழுதினால் ஐம்பதாவது என்று பொருள். வாய்விட்டுப் படிக்கும்போதுதான் நாக்கு தடுமாறும். எண்ணில் மறைந்துபோன 'தடவை'யையும் 'இருபதை'யும் டேனிஷ் பேசுவோர் இன்று முழுதாகக் கேட்பது அநேகமாக இங்கே மட்டுமே.

தரங்கம்பாடியில்

இருபதின் கணக்கு டென்மார்க்கிலிருந்து கடல் கடந்தபோது அதற்கு இணையான கணக்கு எதிர்க்கரையிலும் இருந்தது. ஓவெ கெட்டெ தலைமையில் வந்த டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அந்த ஊர் அவர்கள் கையில் இருந்தது. சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் துணியைக் கொள்முதல் செய்தபோது இருபது உருப்படி கொண்ட 'கோர்ஜ்' என்ற அலகில் எண்ணின. பெயர் வேறானாலும் அளவில் அது ஸ்நேஸ்தான். தரங்கம்பாடியில் டேனிஷ் நிர்வாகம் அடித்து வெளியிட்ட காசுகளில் எண்பது காசு ஒரு பணம். அக்கால டேனிஷில் எண்பதின் பெயர் 'நான்கு தடவை இருபது'.

மாற்ற முயன்றவர்கள்

அண்டை நாட்டார்க்கு விளங்காத எண்ணுப்பெயர்களைக் கைவிட்டுப் பத்தின் அடிக்குத் திரும்பலாம் என்ற யோசனை டென்மார்க்கில் அவ்வப்போது எழுந்ததுண்டு. ஐம்பதுக்கு 'ஃபெம்டி', அறுபதுக்கு 'செக்ஸ்டி', எழுபதுக்கு 'ஸ்யூடி' என்ற போக்கில் புதுப்பெயர்கள் முன்வைக்கப்பட்டன. வங்கிகள் காசோலைகளில் தொகையை எழுத்தால் எழுத இவற்றை ஏற்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புழங்கிய ஐம்பது குரோன் தாளிலும் 'ஃபெம்டி குரோனர்' என்றே அச்சிட்டிருந்தது. தாளைக் கையில் வாங்கியவர்கள் அதைப் படித்தார்கள். வாயால் மட்டும் 'ஹல்ட்ரெஸ்' என்றே சொன்னார்கள். காசோலை வழக்கொழிந்தபின் புதுப்பெயர்களுக்கு இருந்த ஒரே புகலிடமும் போயிற்று.

இதே காலத்தில் வேறு மாற்றங்களை டேனிஷ்காரர் ஏற்றனர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1948இன் எழுத்துச் சீர்திருத்தம் பெயர்ச்சொற்களின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதும் ஜெர்மன் பாணியை ஒழித்தது. இரட்டை 'ஆ'வுக்கு மாற்றாக, ஸ்வீடனும் நார்வேயும் முன்பே ஏற்றிருந்த மேல்வட்டமிட்ட எழுத்தையும் கொண்டுவந்தது. எழுத்தை ஆணையால் மாற்ற முடிந்தது. எண்ணும் வாயை மாற்ற முடியவில்லை.

நார்வேயில் நடந்தது வேறு. அங்கும் ஒன்றாம் இட எண்ணை முன்னே சொல்லும் பழக்கம் இருந்தது. தொலைபேசி எண்களைச் சொல்வதில் ஏற்பட்ட குழப்பம் காரணமாகத் தொலைபேசித் துறை மாற்றம் கோரியது. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, 1951 ஜூலை 1 முதல் பத்தாம் இடத்தை முன்னே சொல்லும் முறை பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் வானொலியிலும் நடைமுறைக்கு வந்தது. முதியோரும் இளையோரில் சிலரும் பழைய முறையை விடவில்லை. என்றாலும் புதுமுறை நிலைத்தது. நார்வேக்கு ஒரு வசதி இருந்தது. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் அங்கே ஏற்கெனவே பத்தின் அடியிலான பெயர்கள்தான். சொல்லை மாற்ற வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். டென்மார்க்கில் இரண்டையும் மாற்ற வேண்டும்.

பரவலும் இன்றைய நிலையும்

டென்மார்க்குக்கு வெளியே இச்சொல் இரண்டு இடங்களில் வேர்விட்டது. ஃபரோ தீவுகளின் மொழி டேனிஷ் வடிவங்களைத் தன் ஒலிக்கேற்பத் திருத்தி 'ஹல்வ்ட்ருயிஸ்' முதலிய பெயர்களாக்கிக்கொண்டது. அங்கே பத்தின் அடியிலான பெயர்களும் கூடவே வழங்குகின்றன. கிரீன்லாந்தில் பழைய எண்ணும் முறை கைவிரலையும் கால்விரலையும் அடியாகக் கொண்டது. இருபது என்பது 'ஒரு முழு மனிதன்'. இன்று அம்மொழி பேசுவோர் பன்னிரண்டுக்கு மேல் டேனிஷ் எண்ணுப்பெயர்களையே கையாள்கின்றனர். ஓர் இருபதின் கணக்கை விட்டு இன்னோர் இருபதின் கணக்கைப் பிடித்திருக்கிறார்கள், ஆனால் இரண்டாவதில் இருபது இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

டென்மார்க்கின் பிள்ளைகள் பள்ளியில் ஹல்ட்ரெஸ் என்பதைப் பெருக்கல் வாய்பாடாகப் படிப்பதில்லை. நாற்பதுக்கு அடுத்த பத்தின் பெயராகவே மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். சீர்திருத்தவாதிகள் இச்சொல்லை எதிர்த்தது அதனுள் இருக்கும் கணக்கு சிக்கலானது என்பதால். பேசுவோர் அந்தக் கணக்கை எப்போதோ மறந்துவிட்டதால் அந்த வாதம் அவர்களைத் தொடவில்லை. 'இரண்டரை தடவை இருபது' என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்திருந்தால், சுமையைத் தாங்காமல் இச்சொல் என்றோ 'ஐந்து பத்து'க்கு இடம் விட்டிருக்கும்.